நிங்போவிலிருந்து வந்த படிவம்

கோவையில் மோட்டார் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் இருபது வருடமாகப் பர்ச்சேஸ் பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் சீனாவிலிருந்து சாம்பிளாக வந்த காந்தங்களைப் பிரித்தபோது இடது கைச் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. பிஸ்கட் அளவு காந்தம் இரண்டு. நடுவில் இருந்த பிளாஸ்டிக் துண்டை உருவியதும் பட்டென்று ஒட்டிக்கொண்டன, நடுவில் என் விரல். நகம் கறுத்து விழ ஒரு மாதம் ஆனது. விமானத்தில் வரும் பெட்டியாக இருந்தால் உள்ளே சுற்றிலும் இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். காந்தப்புலம் வெளியே கசியக் கூடாது என்று விதி. அந்தத் தகடுகளை எங்கள் ஸ்டோர்ஸ்காரர் சேர்த்து வைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டு டீச்செலவு பார்ப்பார்.

சப்ளையரைப் பார்க்க 2008-இல் சீனாவின் நிங்போ நகரத்துக்குப் போனேன். ஷாங்காயில் இறங்கி, அந்த வருடம்தான் திறந்திருந்த ஹாங்சோ வளைகுடாப் பாலத்தில் கார் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. முப்பத்தாறு கிலோமீட்டர். இந்தப் பக்கம் நம் உக்கடம் பாலம் இன்னும் வராத காலம் அது. தொழிற்சாலை ஒன்றும் பிரமாதமில்லை. உலோகத்தைப் பொடியாக்கி, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு, சீவி, நிக்கல் பூசுகிறார்கள். நம் ஊர் ஃபவுண்டரியைக் கொஞ்சம் கழுவி வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

ராத்திரி சாப்பாட்டில் எனக்குத் தக்காளி முட்டைப் பொரியலும் சோறும். அந்த முதலாளி அன்று புலம்பியதுதான் இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. நாங்கள் வாங்கும் இந்த நியோடிமியம் காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பான்காரர்களும் அமெரிக்கர்களும். முக்கியமான காப்புரிமைகள் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கையில் இருந்தன. அவர்கள் உரிமம் கொடுத்த ஒரு சில சீனக் கம்பெனிகளில் இவருடையது இல்லை. அதனால் அமெரிக்காவுக்கு விற்க முடியவில்லை. "மண் எங்களுடையது, சூளை எங்களுடையது, ஆள் எங்களுடையது. பேப்பர் மட்டும் அவர்களுடையது" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னது அவர்களுடைய ஏற்றுமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். நான் பாவம் என்று தலையாட்டிவிட்டு விலையில் மூன்று சதவீதம் குறைக்கச் சொன்னேன்.

சீனா இதை யாரிடமும் பிடுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் மவுண்டன் பாஸ் என்ற சுரங்கம்தான் ஒருகாலத்தில் உலகத்துக்கே அருமண் தனிமங்களை, அதாவது நியோடிமியம் போன்ற உலோகங்களை, கொடுத்தது. சீன விலைக்கு ஈடுகொடுக்க முடியாமலும் கழிவுநீர்ப் பிரச்சினையாலும் 2002-இல் நின்றுபோனது. மத்தியக் கிழக்குக்கு எண்ணெய், நமக்கு அருமண் என்று சீனத் தலைவர் டெங் சியாவோபிங் 1992-லேயே சொன்னதாகச் சொல்வார்கள். அழுக்கான வேலை, நாற்றம், அமிலம், விளைச்சல் போன வயல் எல்லாம் அவர்கள் ஊரில் இருக்கட்டும், காந்தம் மட்டும் நமக்கு மலிவாக வரட்டும் என்று உலகமே ஒப்புக்கொண்டது. நானும்தான். இன்றைக்கு உலகத்தின் அருமண் காந்தத்தில் பத்தில் ஒன்பது அங்கே செய்ததுதான்.

முதல் எச்சரிக்கை 2010-இல் வந்தது. ஜப்பான் சென்காகு என்றும் சீனா டியாவ்யு என்றும் சொல்லும் தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களில் மோத, ஜப்பான் அந்தப் படகின் கேப்டனைக் கைது செய்தது. கொஞ்ச நாளில் ஜப்பானுக்கு அருமண் போவது நின்றது. தடையே விதிக்கவில்லை என்றது பெய்ஜிங். அடுத்த கோடையில் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண்ணின் விலை பல மடங்கு ஏறி, எங்கள் கொட்டேஷன் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வேறு வழி பார்க்கலாம் என்று நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் படித்து முடிப்பதற்குள் 2012 வந்து விலை சரிந்துவிட்டது. "அதுதான் இறங்கிடுச்சில்லீங்க, அப்புறம் என்ன?" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன? அந்தக் குறிப்பை நானே பிறகு ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

2020 வேறு மாதிரி. கல்வானில் ஜூன் 15-ஆம் தேதி சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்தில், சீனர்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வீசாட் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. பல வருடத்து ஆர்டர், டிராயிங், விலைப் பேச்சு, பண்டிகை வாழ்த்து எல்லாம் என் போனில் அந்த வீசாட்டுக்குள்தான் இருந்தன. அங்கே வாட்ஸ்அப் ஓடாது, இங்கே வீசாட் ஓடாது. பழையபடி இமெயிலுக்குத் திரும்பினோம். சரக்குப் பெட்டிகள் துறைமுகத்தில் கிடந்தன, பிறகு வந்தன. தெருவில் சீனப் பொருளைப் புறக்கணிப்போம் என்று கோஷம் போட்டவர்களில் ஒருவர் எங்கள் டீலர். அவர் விற்கும் ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

சரி, 2025-க்கு வருகிறேன். அமெரிக்கா வரியை ஏற்ற, ஏப்ரல் 4-ஆம் தேதி சீனா ஏழு அருமண் தனிமங்களையும் அவை கலந்த காந்தங்களையும் ஏற்றுமதி உரிமத்துக்குள் கொண்டுவந்தது. சண்டை அவர்கள் இருவருக்கும். ஆனால் அந்த ஏழில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இருந்தன. சாதாரண நியோடிமியம் காந்தம் சூட்டில் வலுவிழக்கும், இவற்றைச் சேர்த்தால்தான் நூற்றைம்பது டிகிரியிலும் தாங்கும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாருக்கு அதுதான் வேண்டும். மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் நின்றது, ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் உற்பத்தி நின்றது. கோவையில் எங்கள் ஸ்டோர்ஸில் ஐந்து வாரத்துக்குச் சரக்கு இருந்தது.

2008-இல் மொழிபெயர்த்த அந்தப் பெண் இப்போது ஏற்றுமதி மேலாளர். அவரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. காந்தம் எந்த மோட்டாருக்கு, அந்த மோட்டார் எந்த வண்டிக்கு, வண்டியை வாங்குவது யார்? அசெம்பிளி லைன் போட்டோ வேண்டும். ஆயுதத்துக்குப் பயன்படாது, வேறு நாட்டுக்குப் போகாது என்று கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தில்லியில் இரண்டு மூன்று மேசைகளைத் தாண்டி, சீனாவுக்குப் போய் மறுபடி மேசைகள். முடிவு வர 45 வேலைநாள் ஆகலாம்.

வாடிக்கையாளர் கம்பெனியோ, தங்கள் மாடல் விவரத்தைச் சீனாவுக்குக் கொடுக்க முடியாது என்றது. நியாயம்தான். எங்கள் டிசைன் இன்ஜினியர் போட்டோவில் எதை மறைப்பது என்று அரை நாள் யோசித்தார். முதல் போட்டோவை, லைன் தெளிவாகத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் பின்னால் ஆயுதபூஜைக்குக் கட்டிய தோரணம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை என்ற வார்த்தையை மட்டும் யாரும் அவர்களுக்கு மொழிபெயர்த்துவிடாதீர்கள் என்று ஸ்டோர்ஸ்காரர் சொல்ல, அந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அன்று ஒருநாள்தான். காய்கறி வாங்கப் போகும் ஸ்கூட்டருக்காகப் பேரழிவு ஆயுதம் செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இருபது வருடமாகச் சீனா என்றால் எனக்கு விலைதான். பேரம் பேசினால் இறங்கும், நியூ இயர் விடுமுறைக்கு முன்னால் ஏறும். இந்தப் படிவத்தில் பேரம் பேச ஒன்றுமே இல்லை. கோபமாகக்கூட ஒரு வரி இல்லை. அவ்வளவு மரியாதையாக இருந்தது.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. காந்தத்துக்குத்தான் உரிமம் வேண்டும். காந்தம் உள்ளே பொருத்திய முழு மோட்டாருக்கு வேண்டாம். ஜூன் கடைசியில் அந்த ஏற்றுமதி மேலாளரே நாசூக்காக எழுதினார்: உங்கள் ரோட்டரை (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) இங்கே அனுப்பினால் காந்தம் ஒட்டித் திருப்பி அனுப்புகிறோம், அல்லது மோட்டாரையே இங்கே வாங்கிக்கொள்ளுங்கள், விலை நன்றாக இருக்கும். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டிருந்தால் வைண்டிங் பிரிவில் இருக்கும் நாற்பது பெண்களுக்கு வேலை இல்லை. அரசு மானியத்துக்கும் மோட்டார் இங்கே செய்ததாக இருக்க வேண்டும், எனவே அந்த வேலைகள் தப்பிப் பிழைத்தன. மானியம் இல்லாவிட்டால் என்ன முடிவு எடுத்திருப்போம் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அருமண் இல்லாத ஃபெரைட் காந்தத்தில் ஒரு மோட்டார் செய்து பார்த்தோம். நியோடிமியத்தின் ஆற்றலில் அது பத்தில் ஒரு பங்குதான். மோட்டார் பூசணிக்காய் மாதிரி வந்தது. டெஸ்ட் பெஞ்சில் நன்றாகவே ஓடியது, ஸ்கூட்டருக்குள்தான் நுழையவில்லை.

உரிமம் தீபாவளி முடிந்து பல நாள் கழித்து வந்தது, கேட்ட அளவில் பாதிக்கு. வாழ்த்துச் சொல்லி மெயில் அனுப்பிய அந்த மேலாளர், கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: உங்கள் மாநிலத்துக் கடற்கரையிலேயே அருமண் இருக்கிறதாமே, பிறகு ஏன் எங்களிடம் வாங்குகிறீர்கள்?

இருக்கிறது. மனைவிக்கு ஊர் நாகர்கோவில். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரிக்கும் ஆலையைத் தாண்டித்தான் மாமனார் வீட்டு விசேஷங்களுக்குப் போவோம். அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியம் மிகக் குறைவு. மண்ணிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று நடுவில் உள்ள படிகள்தான் பெரிய அளவில் நம்மிடம் இல்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாயில் காந்த உற்பத்தித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் மணல் அள்ளக் கூடாது என்று அங்குள்ள மக்கள் போராடுகிறார்கள். நிங்போ மெயிலுக்கு நான் இதையெல்லாம் எழுதவில்லை. நல்ல கேள்வி என்று மட்டும் பதில் போட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, ரிஜெக்ட் ஆன காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடற்கரையில் மணலில் வைத்தேன். கறுப்பு மணல் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டியது. பையன் கைதட்டினான். ஒட்டியது பெரும்பாலும் இல்மனைட் என்ற வேறு கனிமம்தான், நான் தேடிப் போன சரக்கு இல்லை. அதைத் துடைத்து எடுப்பதுதான் பெரும்பாடு. வேட்டியில் துடைத்தால் போகவில்லை, தண்ணீரில் கழுவினாலும் போகவில்லை. மாமியார் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றைக் கொடுத்து, இதை வைத்து ஒற்றி எடுங்க மாப்பிள்ளை என்றார். ஒற்றி ஒற்றி, இருட்டும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.