படத்துக்கு அடியில பொடி எழுத்துல ரெண்டு பேரு

காலனி காலத்து தாவரவியல்னு பேச்ச எடுத்தாலே ஹூக்கர், ராக்ஸ்பர்க், வைட்னு ஒரே வெள்ளக்கார தாவரவியலாளர் பேருங்கதான் திரும்ப திரும்ப வருது. எனக்கு வைட்டுக்கு செடி படம் வரைஞ்சு கொடுத்த ரங்கையாவ பத்தியும் கோவிந்துவ பத்தியும் சொல்லணும்.

ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர், 1819-ல கிழக்கிந்திய கம்பெனி டாக்டரா மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தாரு. வேலை வைத்தியம், மனசு பூரா செடிகொடி. படம் வரைய ரங்கையாவ வச்சுக்கிட்டாரு, நாகப்பட்டினத்துல இருந்தப்போ அந்த படங்கள கிளாஸ்கோவுல தாவரவியல் பேராசிரியரா இருந்த வில்லியம் ஹூக்கருக்கு அனுப்புனாரு, அவரு அத அச்சுல கொண்டு வந்தாரு. 1831-ல லீவுல ஊருக்கு கிளம்பினப்போ வைட் கூட கப்பல்ல போனது சுமார் ஒரு லட்சம் உலர்த்துன செடி மாதிரிங்க, ரெண்டு டன் எடை! ஒரு ஆளு தனியா சேக்குற விஷயமா இது? காடு மேடு ஏறி பறிச்சவங்க, தாளுக்கு நடுவுல வச்சு அழுத்துனவங்க, பூஞ்சை பிடிக்காம காய வச்சு மூட்டை கட்டுனவங்கன்னு எத்தனையோ உள்ளூர் கை இருக்கு, அவங்கள்ல முக்காவாசி பேரோட பேரு எங்கயும் இல்ல.

படம் ஏன் அவ்ளோ முக்கியம்னா, காஞ்ச செடி பழுப்பாயிடும், பூ நசுங்கி நிறமே போயிடும், செடிய உயிரோட பாக்காத கிளாஸ்கோக்காரருக்கு அது எப்படி இருந்துச்சுன்னு தெரிய நல்ல படம் வேணும். ஒரு தாள எடுத்து பாருங்க, நடுவுல இலையும் பூவுமா முழு கிளை, கீழ ஓரத்துல பூவ பிரிச்சு மகரந்தத்தாள் தனியா, சூல்பைய குறுக்க வெட்டி உள்ள எத்தன அறைன்னு பெருசாக்கி காட்டியிருக்கும். செடி எந்த குடும்பத்த சேந்ததுன்னு முடிவு பண்ண அந்த ஓரத்து படம்தான் கைகொடுக்கும். அத எண்ணி பாத்து வரையறவர வெறும் ஓவியர்னு சொல்லி ஒதுக்குறத என்னால ஏத்துக்கவே முடியல, அது ஆராய்ச்சி வேலைதான்.

வைட் லித்தோகிராப், அதாவது கல்லுல வரைஞ்சு அச்சடிக்கறதயும் கத்துக்கிட்டு 1840-லேர்ந்து 1853 வரைக்கும் ‘ஐகோன்ஸ்’ங்கற ஆறு தொகுதிய மெட்ராஸ்ல வெளியிட்டாரு, மொத்தம் 2,101 படம். ரங்கையாவுக்கு அப்புறம் வந்த கோவிந்துவும் அதுல நிறைய வரைஞ்சிருக்காரு. அச்சுல கருப்பு கோடு மட்டும்தான், வண்ணத்துல வரைஞ்ச மூலப்படங்க நிறைய எடின்பரோ தாவரவியல் தோட்டத்துலயும் லண்டன் கியூ தோட்டத்துலயும் இருக்கு. இந்த வேலைக்கெல்லாம் நடுவுல 1842-லேர்ந்து கம்பெனி வைட்ட கோயம்புத்தூர் பக்கம் அமெரிக்க பருத்தி விளைய வைக்க போட்டுச்சு, இங்கிலாந்துல லங்காஷயர் மில்லுக்கு பஞ்சு வேணும்ல. செடி மேல கம்பெனிக்கு இருந்த அக்கறை எதுக்குன்னு இதுலயே தெரியுது.

செடிக்கு அறிவியல் பேரு வச்சா, வச்சவர் பேரும் பின்னாடியே ஒட்டிக்கும், அதனால நம்மூர் செடிங்க எத்தனையோ இன்னைக்கும் ‘வைட்’னு முடியுது. வைட்ட கௌரவிச்சு மத்தவங்க வச்ச பேருங்களும் உண்டு, பிசின் தர்ற குக்குல் மரத்துக்கே கொமிஃபோரா வைட்டியைன்னுதான் பேரு. ரங்கையா பேரும் கோவிந்து பேரும் படத்துக்கு அடியில பொடி எழுத்துல நிக்குது. ஆனா வைட் ஒண்ணு செஞ்சாரு, ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு (நெருங்கின செடி இனங்கள சேத்த தொகுதி) ‘கோவிந்தூயா’ன்னு பேரு வச்சாரு, அவர பத்தி படிச்சதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். பின்னாடி வந்தவங்க அத ட்ரொபிடியாங்கற பேரினத்துக்குள்ள சேத்துட்டாங்க, வகைப்பாட்டு விதிப்படி அது சரிதான். ஆனா இந்த படங்கள ஆராய்ச்சி கட்டுரையில எடுத்து போடறவங்க வைட் பேரோட வரைஞ்சவர் பேரையும் சேத்து போடணும், அதுக்கு எந்த விதியும் குறுக்க நிக்கல, பேரு அந்த தாள்லயே அச்சாகி இருக்கு.