வடமீன் எழும்பாத வானம்

மெல்போர்ன்ல வந்து செட்டில் ஆகுறதுன்னா டேக்ஸ் நம்பர், பேங்க் அக்கவுண்ட், மெடிகேர், வாடகை வீடுன்னு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் சொல்லுவாங்க, அதெல்லாம் எப்படியோ முடிஞ்சிடும். வானத்தைப் பத்தி மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

வீடு பாக்கப் போனா ஏஜெண்ட் 'நார்த் ஃபேஸிங்'னு அவ்வளவு பெருமையா சொல்றாரு, இவங்களுக்கும் வாஸ்து இருக்கான்னு எனக்கு சிரிப்பு. விஷயம் வேற, இங்க மத்தியான சூரியன் வருஷம் பூரா வடக்குப் பக்கம்தான், வடக்க பாத்த ஜன்னல் இருந்தாதான் ஜூலைக் குளிர்ல வீட்டுக்குள்ள கொஞ்சம் வெயில் விழும். காத்தும் அப்படித்தான். கோடையில வடக்கக் காத்து அடிச்சா உள்நாட்டுப் பாலைவனத்துச் சூட்டை அள்ளிட்டு வரும், அதே காத்து தெக்கத் திரும்புச்சுன்னா கொஞ்ச நேரத்துலயே ஸ்வெட்டரைத் தேட வேண்டியதுதான். வாடையில, அதான் வடக்க இருந்து வர்ற குளிர்காத்துல, நடுங்குற சங்கப்பாட்டுத் தலைவியைக் கொண்டாந்து இங்க நிறுத்தினா, பாவம், அவ தெக்க பாத்து நடுங்கணும்.

ராத்திரி இன்னும் மோசம். நிலாவுல இருக்குற கறை வேற பக்கமா சாஞ்சு கிடக்கு. ஓரியன்னு ஒரு நட்சத்திரக் கூட்டம், அந்த வேட்டைக்காரன் தலைகீழா நிக்கிறான், அவன் இடுப்பையும் கத்தியையும் சேத்து இங்க உள்ளவங்க சாஸ்பேன்னு கூப்பிடுறாங்க (பாத்தா அப்படியேதான் இருக்கு). துருவ நட்சத்திரம் கிடையாது. அருந்ததியும் (வடமீன்னு சொல்றது இதைத்தான்) கிடையாது. மெல்போர்ன் பூமத்திய ரேகைக்குத் தெக்க கிட்டத்தட்ட 38 டிகிரியில இருக்கு, அதனால வானத்தோட வட துருவத்துல இருந்து 38 டிகிரிக்குள்ள இருக்குற எந்த நட்சத்திரமும் இங்க அடிவானத்தைத் தாண்டி மேல வராது. கண்ணகியைச் சிலப்பதிகாரம் 'தீதிலா வடமீன்' மாதிரின்னு சொல்லுதே, அந்த வடமீன் இந்த ஊர்ல ஒரு நாளும் எழும்பினதே இல்ல. உலகம் உலகம்னு நான் படிச்சதெல்லாம் பூமியோட ஒரு பக்கத்துத் திண்ணையில உக்காந்து பாத்த உலகம்தான்னு அப்பதான் உறைச்சுது.

அப்புறம் டிரெல் ஏரிக்குப் போனோம், இங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர் வடமேற்க, பெரிய உப்பு ஏரி, கொஞ்சம் தண்ணி நின்னா மேல உள்ள நட்சத்திரமெல்லாம் கீழயும் தெரியும். பூராங்னு இந்த நாட்டுப் பழங்குடி மக்களோட இடம் அது. நாம நட்சத்திரத்தை இழுத்துக் கோடு போட்டு உருவம் பண்ணுவோம், அவங்க நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்குற இருட்டையும் படிச்சிருக்காங்க. தெற்குச் சிலுவைன்னு சொல்ற நட்சத்திரக் கூட்டத்துப் பக்கத்துல ஒரு கருப்புத் திட்டு இருக்குல்ல, அதுல ஒரு ஈமு, நெருப்புக்கோழி மாதிரி பெரிய பறவை. சிங்கல்னு பேரு. ஆஸ்திரேலியக் கொடியில இருக்குற அதே சிலுவை இவங்க கதையில ஒரு மரம், ஈமுவுக்குப் பயந்து ஒரு பொஸம் (மரத்துல வாழுற சின்ன மிருகம்) அதோட உச்சியில ஏறி உக்காந்திருக்கு. பக்கத்துல பளிச்சுனு தெரியுற ரெண்டு நட்சத்திரமும் அந்த ஈமுவை ஈட்டியால குத்தின அண்ணன் தம்பிங்க.

இதெல்லாம் நமக்குத் தெரியுறதே ஸ்டான்பிரிட்ஜ்னு ஒருத்தர் 1857ல ஒரு கட்டுரை வாசிச்சதாலதான். அவருக்குச் சொன்னது ஒரு பூராங் குடும்பத்துல ரெண்டு பேர். அவரே அங்க நிலம் பிடிச்சு வந்து குடியேறினவரு. அவங்க நிலமும் போச்சு, சொல்றதுக்கு இருந்த ஆளுங்களும் போயிட்டாங்க, மிச்சம் அந்தக் கட்டுரைல இருக்குறதுதான். என் வடமீன் எங்கயும் போயிடல, ஒரு பிளைட் ஏறினா பாத்துடலாம், அதுக்கே இவ்வளவு பொலம்பல். குடியேறினவங்க வரிசையில ஸ்டான்பிரிட்ஜுக்குப் பின்னால கடைசியா வந்து நிக்கிறது நாமதானேன்னு நெனச்சா கொஞ்சம் கூச்சமாவே இருக்கு. பசங்ககிட்ட இதுல எவ்வளவு சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல, ஈமு தலை எங்க இருக்குன்னு மட்டும் காட்டிருக்கேன்.