யுபிஆர் அறிக்கை: எழுதும்போதே தூதரகத்தை மனதில் வையுங்கள்

ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏறக்குறைய நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டையும் மற்ற நாடுகளின் முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறது. உலகளாவிய காலமுறை மீளாய்வு என்பது முழுப்பெயர். வேலை செய்கிறவர்கள் யுபிஆர் என்றே சொல்வார்கள். அன்று மேசைக்கு மூன்று ஆவணங்கள் வரும். அரசு தரும் அறிக்கை 20 பக்கம். ஐ.நா. அமைப்புகள் சொன்னவற்றின் தொகுப்பு 10 பக்கம். குடிமைச் சமூக அமைப்புகள் அனுப்பிய அத்தனையின் சுருக்கமும் சேர்ந்து இன்னொரு 10 பக்கம். பல ஆண்டுக் களப்பணிக்கு அதில் ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

அறிக்கை அனுப்ப ஐ.நா. அங்கீகாரம் எதுவும் தேவையில்லை. சிறிய ஊர் அமைப்பும் அனுப்பலாம். தனி அமைப்பாக அனுப்பினால் 2,815 சொல், கூட்டாக அனுப்பினால் 5,630 சொல் என்பது வரம்பு. அடிக்குறிப்பும் இணைப்பும் கணக்கில் சேராது. வரம்பைத் தாண்டினாலோ கடைசித் தேதி தவறினாலோ படிக்கமாட்டார்கள். தமிழில் அனுப்ப முடியாது என்பதால் மொழிபெயர்ப்புக்கும் நாள் ஒதுக்குங்கள். கடைசித் தேதி மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். அனுப்பியது அமைப்பின் பெயரோடு இணையத்தில் ஏறும். எனவே பாதிக்கப்பட்டவர் முழு மனதோடு ஒப்புக்கொள்ளாமல் அவர் பெயரையோ அடையாளம் காட்டும் விவரத்தையோ எழுதவே கூடாது.

அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பலர் சறுக்கும் இடம். பரிந்துரை செய்வது நாடுகள். அதன் வாசகம் பெரும்பாலும் அந்தந்த நாட்டுத் தலைநகரில், டெல்லியில் உள்ள தூதரகம் தரும் குறிப்பை வைத்து முடிவாகிறது. மீளாய்வு மொத்தம் மூன்றரை மணி நேரம், அதில் 70 நிமிடம் மீளாய்வுக்கு உள்ளாகும் அரசுக்கு. மிச்ச நேரத்தை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்கிட்டால் ஒரு நாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் தேறும். அந்த நிமிடத்துக்கு நாம் தர வேண்டியது ஒரே பக்கம்: நிலைமை நாலு வரி, பரிந்துரை இரண்டு. இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். எல்லாத் தூதரகத்துக்கும் ஒரே தாளை அனுப்பாதீர்கள். அந்த நாடு முந்தைய சுற்றில் இந்தியாவுக்கு என்ன சொன்னது என்று பார்த்து, அதே பொருளில் கொடுங்கள்.

பரிந்துரையின் வாசகம்தான் உயிர். காவல் மரணத்தை எடுத்துக்கொள்வோம். 2020இல் சாத்தான்குளத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. "காவல் துறை வன்முறையைத் தடுக்க வேண்டும்" என்று எழுதினால் அரசு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும், ஒன்றும் நடக்காது. "2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி பொருத்தி, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும்" என்றால் மறுப்பது கடினம், ஏனென்றால் சொன்னது நம் நாட்டு நீதிமன்றமே. நிறைவேறியதா என்று பின்னால் எண்ணிப் பார்க்கவும் முடியும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குச் சட்டப்படி கட்டுப்பட ஒப்பவில்லை. அதைத் தனிப் பரிந்துரையாகவே கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு கோரிக்கையைக் கோத்தால், ஒன்று பிடிக்காத அரசு இரண்டையும் சேர்த்து ஒதுக்கிவிடும்.

2022 நவம்பரில் நடந்த நான்காம் சுற்றில் இந்தியாவுக்கு 339 பரிந்துரைகள் வந்தன. 221ஐ அரசு ஏற்றது. மற்றவை 'குறித்துக்கொள்ளப்பட்டன', அதாவது ஏற்கப்படவில்லை. மீளாய்வுக்கும் அரசின் இந்தப் பதிலுக்கும் நடுவே சில மாதங்கள் உண்டு. அமைச்சகங்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பார்க்க வேண்டிய காலம் அது. நம் அமைப்புகள் பலவும் அப்போதுதான் ஓய்ந்து போய்விடுகின்றன. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

பேரவையில் இறுதி அறிக்கை ஏற்கப்படும்போது குடிமைச் சமூகத்துக்குச் சுமார் 20 நிமிடம் கிடைக்கும். அங்கே பேச மட்டும் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதி வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. சர்வதேச தலித் கூட்டொருமை வலையமைப்பு 2008இல் விண்ணப்பித்தது. நாடுகளே உறுப்பினராக இருக்கும் குழு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு ஒத்திவைத்துக்கொண்டே போனது, அந்தக் கேள்விகளை இந்தியாவே கேட்டது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில். சிறிய அமைப்புகள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். தகுதியுள்ள ஓர் அமைப்பின் பெயரில் பேச முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஏற்கப்பட்ட பரிந்துரைகளை யார் நிறைவேற்றுவது என்று பிரித்து எழுதிக்கொள்வது அடுத்த வேலை. உடன்படிக்கை ஒன்றிய அரசின் பொறுப்பு. காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே சிசிடிவி பற்றிய மனு சென்னையில் உள்துறைக்குப் போக வேண்டும். மாவட்டவாரியாக நிலையங்களின் எண்ணிக்கை, கேமரா உள்ளவை, பதிவு எத்தனை மாதம் வைக்கப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் அடுத்த சுற்று அறிக்கைக்கான சான்று.