ட்ரக் நிற்க ஓர் இடம்

ஜனவரி 8

வின்சர் தாண்டி ரொறன்ரோ நோக்கி 401 நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்து ஒரே யோசனைதான். வீட்டுக்குப் போகிறேன், சரி. ட்ரக்கை எங்கே விடுவது? வழக்கமாக விடும் யார்டை, ட்ரக் நிறுத்தும் வளவை, மூடிவிட்டார்கள், கேட்டில் சங்கிலி. மனைவியின் பிரசவத்துக்கு டொக்டர் சொன்ன திகதி நெருங்குகிறது.

ஜனவரி 9

நாள் முழுக்க ரெலிபோன்தான். ஸ்காபரோவில் ஒன்றும் இல்லை. மார்க்கத்தில் ஒருவர் மாதக் கணக்கில் மட்டும்தான் தருவாராம், அதற்கும் காத்திருப்போர் பட்டியல். எங்கள் தெருவை நினைத்தும் பார்க்க முடியாது. 53 அடி ட்ரெய்லரும் அதை இழுக்கும் முன்பகுதியான ட்ராக்டரும் சேர்ந்தால் 70 அடிக்கு மேல், முதல் திருப்பமே எடுக்காது. எடுத்தாலும், ரொறன்ரோவில் பலகை இல்லாத தெருவில் கார்கூட மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கடை வளாகங்களில் 'இழுத்துச் செல்லப்படும்' என்று எழுதியிருக்கிறது. 401 ஓரத்து ஓன்ரூட் தரிப்பிடத்தில் ஓர் இரவு தூங்கலாம், அதுவும் இருட்ட முன்னர் போனால். நாட்கணக்கில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர அது இடமில்லை.

70 மணித்தியால வேலைச் சுற்று முடிந்தால் 36 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுக்கச் சொல்கிறது சட்டம். நல்ல சட்டம். அந்த 36 மணித்தியாலமும் வண்டி எங்கே நிற்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இந்த நகரம் சாப்பிடும் தக்காளியும் கோழியும் எங்கள் முதுகில்தான் வருகின்றன. இறக்கி முடித்த அடுத்த நிமிடம் 'போ' என்கிறார்கள்.

ஜனவரி 10

ட்ரக்கிலேயே தூங்கினேன். வீடு இருபது நிமிடத் தூரத்தில்.

ஜனவரி 12

போல்டன் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. பஞ்சாபிக்காரர், வயதானவர். "வா பாஜி, வந்து பார்" என்றார். பழைய விவசாயக் காணி, மேலே கல் கொட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் ஒரு மூலையில் மட்டும். போல்டன் இருக்கும் கலிடனில் இப்படி அனுமதியில்லாத யார்டுகள் நிறைய என்று நகரசபை வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இவரிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். "விண்ணப்பித்திருக்கிறேன்" என்றார். பக்கத்து வீட்டாரின் கோபமும் எனக்குப் புரிகிறது. கிராமத்து ரோட்டில் விடியக் காலையில் ட்ரக் போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் நான் எங்கே போக?

ட்ரெய்லர் வெறுமைதான். இருந்தாலும் கழற்றி, ட்ராக்டரில் கொழுவும் கிங்பின்னுக்குப் பூட்டுப் போட்டேன். 2023 இல் பீல் பொலிஸ் 'பிக் ரிக்' என்ற நடவடிக்கையில் ஒரு கூட்டத்தைப் பிடித்தார்கள், லோட்டோடு ட்ரெய்லர்களைக் கொண்டுபோனவர்களை. அதற்குப் பிறகும் களவு நிற்கவில்லை.

ஜனவரி 13

போல்டனிலிருந்து வீடு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மைத்துனன் வந்து ஏற்றினான். அவனுக்கும் வேலை இருக்கிறது, எத்தனை தரம் கேட்பது? அவள் ஒன்றும் சொல்லவில்லை. பை கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். "நீங்கள் ட்ரக்கைப் பார்க்கப் போன நேரம் வந்தால்?" என்று மாமிதான் கேட்டார்.

ஜனவரி 15

கடும் குளிர். யார்டில் பிளக் இல்லை, இயந்திரத்தைச் சூடாக்கும் புளொக் ஹீற்றரின் வயர் சும்மா தொங்குகிறது. இயந்திரம் கிளம்பாமல் போனால் இழுவைக்காரனுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. கார் எடுத்துக்கொண்டு போனேன். போகும்போதும் வரும்போதும் ரெலிபோன் மடியிலேயே. இயந்திரம் கிளம்பியது. ட்ரெய்லரைக் கொழுவி முன்னால் இழுத்தால் பின் சக்கரங்கள் சுழலாமல் அப்படியே வழுக்குகின்றன. பிரேக் ஷூ ட்ரம்மோடு உறைந்து ஒட்டிவிட்டது. கீழே படுத்து சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தேன். மீண்டும் கழற்றி விட்டுவிட்டு வந்தேன். விரல்கள் இன்னும் நோகின்றன.

வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்தபோது, "ஐஸ் மாதிரி இருக்கு, தொடாதேங்கோ" என்றாள். சிரித்தாள். இந்தக் கிழமையில் முதல் தரம்.

ஜனவரி 16

ஒன்றும் இல்லை. காத்திருக்கிறோம்.

ஜனவரி 18

திடீரென்று சூடு, மழை. கல்லுக்குக் கீழே சேறுதான். ட்ரெய்லரின் முன்கால்கள் புதைந்தால், ட்ராக்டரை அதற்குக் கீழே நுழைக்கவே முடியாது. பலகை வைக்காமலா விட்டேன், வைத்தேன். ஆனால் எவ்வளவு தாங்கும்? இரவு முழுக்க யன்னலில் மழைச் சத்தம், எனக்கு நித்திரை இல்லை. அவளுக்கும் இல்லை, வேறு காரணத்துக்கு.

ஜனவரி 19

பஞ்சாபிக்காரர் ரெலிபோன் எடுத்தார். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். "கிழமை முடிய முதல் எல்லோரும் எடுக்க வேண்டும் பாஜி, மன்னித்துக்கொள்." அவர் குரல் உடைந்திருந்தது. அவரோடு கோபிக்க முடியவில்லை.

லோட் ஒதுக்கும் டிஸ்பாட்சர், லோட் இருக்கிறதென்று செய்தி போட்டிருக்கிறான். இப்போது போக மாட்டேன் என்று எழுதினேன்.

ஜனவரி 20

ஏஜக்ஸில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் கேட்டேன். "ட்ரெய்லரோடு ஏலாது தம்பி. ட்ராக்டர் மட்டும் எண்டால் கொண்டு வா, பின்பக்கம் விடலாம். பிளக்கும் இருக்கு." வீட்டிலிருந்து கால் மணித்தியாலம்! ட்ரெய்லரைத் தன் யார்டில் விடலாம் என்று லோட் தரும் கம்பனி அரைமனதோடு ஒத்துக்கொண்டது, வெறுமையாக இருப்பதால்.

மைத்துனன் நாளை விடிய ஐந்து மணிக்கு வருகிறான். சுத்தியலும் பலகையும் காரில் ஏற்றியாயிற்று. முதலில் ட்ரெய்லர், பிறகு ஏஜக்ஸ், பத்து மணிக்குள் வீடு. மாமி அவளோடு இருப்பார்.