பாப்பாத்தி அம்மாள் கோயில்

பாளையங்கோட்டைக்கு என்னை முதன்முதலில் பஸ்ஸில் அழைத்துப் போனது என் ஆச்சி. பழைய கோட்டைப் பக்கமாக நடந்து போய் ஒரு சிறிய கிறிஸ்தவ ஆலயத்தின் முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளே போகவில்லை. வெளிச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றுவிட்டு, "இதுதான் பாப்பாத்தி அம்மாள் கோயில். நம்ம எல்லாருக்கும் தாய்க் கோயில்" என்றார். நானும் கை வைத்துப் பார்த்தேன். வெயிலேறிய சுவர் சுட்டது. கையெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்தப் பாப்பாத்தி அம்மாள் யார் என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். மராட்டியப் பிராமணக் குலத்தில் பிறந்தவர், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். பிறகு அவரோடே வாழ்ந்தார். கிறிஸ்தவ வேதத்தையும் ஆங்கிலத்தையும் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டார். தஞ்சாவூரில் இருந்தபோது மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் (பாதிரியாரை ஐயர் என்பது எங்கள் வழக்கம்) போய் ஞானஸ்நானம் கேட்டார். ஐயர் மறுத்துவிட்டார். முறைப்படி மணமாகாமல் ஒருவரோடு வாழ்கிறவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பது காரணம்.

சுவார்ட்ஸ் ஐயர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1750ல் தரங்கம்பாடிக்கு வந்து, இந்த மண்ணிலேயே உயிரை விட்டவர். ஆனாலும் அந்த மறுப்பை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சொந்தச் சாதியார் ஒதுக்கிய பெண்ணுக்குச் சபையும் கதவைத் திறக்காவிட்டால் அவர் வேறு எங்கே போவார்? சபை விதி தெரிந்தவர்கள் என்னோடு வாதிடலாம். நான் அந்த அம்மாளின் பக்கம்தான் நிற்பேன்.

அவர் கசந்து விலகிவிடவில்லை. லிட்டில்டனோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்து, தனக்குத் தெரிந்ததை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1778ல் ஓர் ஆங்கிலேயத் திருமணத்தை நடத்திவைக்க சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் கேட்டார். இந்த முறை ஞானஸ்நானம் கிடைத்தது. கிளாரிந்தா என்ற பெயரும் கிடைத்தது.

பாளையங்கோட்டைச் சபையை மிஷனரிகள் நிறுவினார்கள் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. 1771ஆம் ஆண்டிலேயே சுவார்ட்ஸ் ஐயர் தம் குறிப்பில், பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்ற கிறிஸ்தவர் ஒருவர் இருப்பதாகவும், அவர் மற்றவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறார். ஐயர்மார் யாரும் இங்கே குடியிருக்காத காலம் அது. வாசிக்கத் தெரிந்த ஒருவர், கேட்க வந்த சிலர், பிறகு ஒரு விதவை. இவர்கள்தான் தொடக்கம்.

1780ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருப்பவை நாற்பது பெயர்கள். கிளாரிந்தாவின் பெயரும் அதில் இருக்கிறது. பல சாதிகளைச் சேர்ந்த நாற்பது பேர். கிளாரிந்தா தம் பணத்தைப் போட்டார், ஆங்கிலேயர்களிடமும் உதவி கேட்டு வாங்கினார். செங்கல்லும் சுண்ணாம்புமாக ஆலயம் எழுந்தது. 1785ல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். ஊராருக்காக அந்த அம்மாள் ஒரு கிணறும் வெட்டிவைத்தார். அதற்கும் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றுதான் பெயர்.

பிறந்த குலத்தை விட்டு வெளியே வந்தவரை அந்தக் குலத்தின் பெயராலேயே ஊர் நினைவில் வைத்திருப்பது எனக்கு உறுத்தும். ஆச்சியிடம் ஒருமுறை சொன்னேன். "பேரை மாத்தினா அவங்களை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு சபையின் வளர்ச்சி வேகமானது. இங்கே உபதேசியாராக, அதாவது வேதம் கற்பிப்பவராக இருந்த சத்தியநாதன் 1790ல் குருப்பட்டம் பெற்றார். 1799ல் டேவிட் சுந்தரானந்தம் முயற்சியில், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூர் என்ற ஊர் உருவானது. 1820ல் ரேனியஸ் ஐயர் வந்தார். பிறகு கிராமம் கிராமமாகக் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன. எங்கள் ஊர்க் கோயிலும் அந்த வழியில் வந்ததுதான்.

சென்ற ஆண்டு எங்கள் சபையின் அசனப் பண்டிகையில், எல்லாரும் கூடி உண்ணும் அந்த விருந்தில், எனக்கு உப்பு வைக்கும் வேலை. இலை போட்டுக்கொண்டே ஒருவர் முன்னால் போக, நான் குனிந்து இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே பின்னால் போனேன். எதற்கென்று தெரியாமல் எண்ணத் தொடங்கினேன். நாற்பதாவது இலைக்கு வந்தபோது பந்தியில் பாதிகூட ஆகவில்லை. அந்த இலையின் முன்னால் ஒரு வயதான அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று தெரியவில்லை, எங்கள் சபையில் பார்த்த முகமும் இல்லை. "கொஞ்சம் கூட வையம்மா" என்றார். வைத்தேன்.