சுரங்கத் தொழிலாளரின் வானொலி

பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்க ஊர்களில், தொழிலாளர்கள் தங்கள் சொற்பக் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி நடத்திவந்த வானொலி நிலையங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. 1952 புரட்சிக்குப் பின் பெருகிய அந்நிலையங்கள் ஸ்பானிய மொழியோடு, பூர்வகுடி மொழியான கெச்சுவாவிலும் பேசின. சங்கச் செய்தி, உறவினருக்கான தகவல், உள்ளூர் இசை என அனைத்துக்கும் அங்கே இடமிருந்தது. ஒலிவாங்கியின் முன் வந்து பேச எவருக்கும் தகுதிச் சான்று தேவைப்படவில்லை என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1980 ஜூலை 17 அன்று இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்துத் அரசின் இருப்பிடமான லா பாஸ் நகரின் வானொலிகளை முடக்கியபோது, இச்சிறு நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து, செய்திகளைச் சங்கிலிபோல் கைமாற்றி ஒலிபரப்பின. படையினர் ஒவ்வொரு நிலையமாகக் கைப்பற்றும்வரை அக்குரல் ஓயவில்லை. ஆனிமாஸ் சுரங்க நிலையமோ, அவர்கள் நெருங்கி வருவதையும் நேயர்களுக்கு அறிவித்துக்கொண்டே இருந்தது.