5 வருட பெர்சனல் லோனை 2 வருடத்தில் முடித்தேன்: எங்கே மிச்சமானது, எதைக் கேட்டு வாங்க வேண்டும்

தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பெர்சனல் லோன். 5 லட்சம், 14 சதவீத வட்டி, 60 மாதம், தவணை 11,634 ரூபாய். கடைசி வரை கட்டியிருந்தால் வட்டி மட்டுமே 1,98,000 ஆகியிருக்கும். இரண்டு வருடத்தில் முடித்ததில், முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்தே சுமார் 1,13,000-தான் ஆனது.

முதல் வருடம் முடிந்ததும் லோன் ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பாருங்கள், வயிறு எரியும். நான் கட்டியது 1,39,600, அசலில் கழிந்தது 74,000 சொச்சம்தான், மீதியெல்லாம் வட்டி. மீதமுள்ள அசலுக்குத்தான் வட்டி போடுகிறார்கள் என்பதால் அசல் பெரிதாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் தவணையில் பாதி வட்டிக்கே போய்விடும், ஆகவே கூடுதல் பணம் போடுவதென்றால் முதல் இரண்டு வருடத்துக்குள் போடுவதில்தான் பலன் அதிகம்.

எனக்குச் சீட்டுப் பணம் 1 லட்சம் வந்தது. என் ஒப்பந்தப்படி 12 தவணை கட்டிய பிறகு, வருடத்துக்கு ஒருமுறை, மீதி அசலில் 25 சதவீதம் வரை கட்டணம் இல்லாமல் பார்ட் பேமெண்ட் (தவணைக்கு மேல் அசலில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டுவது) செய்யலாம். கிளையில் "தவணையைக் குறைத்துத் தருகிறோம் சார், மாதம் 8,900 கட்டினால் போதும்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கணக்குப் போட்டால் அதில் மிச்சமாகும் வட்டி 31,000. அதே 11,634-ஐக் கட்டிக்கொண்டு மாதங்களைக் குறைத்தால் மீதி 48 மாதம் 34-க்கு இறங்குகிறது, மிச்சம் 61,000! அதே ஒரு லட்சம்தான், மிச்சம் மட்டும் இரட்டிப்பு. சம்பளம் தாங்கும் என்றால் தவணையைக் குறைக்க ஒத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், இதை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். "அசலில் கழிக்கவும், காலத்தைக் குறைக்கவும்" என்று மெயிலில் எழுதிக் கொடுத்து, பணம் போன பிறகு புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஆப்பில் சும்மா கூடுதலாகக் கட்டினால் சில இடங்களில் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாகக் கிடக்கும், அசல் குறையாது.

இரண்டாவது வருட முடிவில் மீதி அசல் 2,25,000. ஆர்டி முதிர்ந்த பணமும் போனஸும் கையில் இருந்தன. முழுதாக அடைக்க 4 சதவீதக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 10,600. (தனிநபரின் மாறும் வட்டிக் கடனுக்கு, தொழிலுக்காக வாங்கியதாக இல்லாவிட்டால், இந்தக் கட்டணம் வாங்க ரிசர்வ் வங்கி விடுவதில்லை. பெர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் அந்தச் சலுகை நமக்குக் கிடைப்பதில்லை.) அந்த வருடத்து 25 சதவீதத்தை முதலில் இலவசமாகக் கட்டி, அது அசலில் கழிந்ததை உறுதி செய்துகொண்டு, பிறகு மீதிக்கு முடிப்புக் கடிதம் (முழுதாக அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்வது) கேட்டேன். கட்டணம் 8,000-ஆகக் குறைந்தது. சில நிறுவனங்கள் கடைசி 12 மாதத்தில் கட்டிய பார்ட் பேமெண்ட்டையும் சேர்த்தே கட்டணம் போடும், அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் வாங்கிய கடன் என்றால் கேஎஃப்எஸ் என்ற, கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் தாளிலேயே கட்டண விவரம் இருக்கும்.

முடிப்புக் கடிதத்தில் உள்ள தொகை குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும், தாண்டினால் நாள் வட்டி ஏறும். கட்டியதும் என்ஓசி (பாக்கி இல்லை என்ற கடிதம்) வாங்குங்கள், வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்கும் நாச் உத்தரவை ரத்து செய்யச் சொல்லுங்கள், கொடுத்த செக் இருந்தால் திரும்பக் கேளுங்கள், ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் கடன் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வந்துவிட்டதா பாருங்கள். லோனோடு சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்குமா என்று பாலிசியைப் பாருங்கள், நாமாக எழுதிக் கேட்டால்தான் தருவார்கள்.